எலி கடிக்க வேண்டியதில்லை

“எலி எதுவும் கடிக்கலையே டாக்டர்!”

எலிக்காய்ச்சல் என்று சொன்னதும் ஒவ்வொரு மழைக்காலமும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன மாதம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியை அழைத்து வந்தார்கள். கண் இரண்டும் செக்கச்செவேல், ஆனால் பீளை இல்லை. கெண்டைக்காலைத் தொட்டால் துடிக்கிறார். காய்ச்சல் தொடங்கி எட்டு நாள். முதலில் மருந்துக்கடை மாத்திரை. கண் மஞ்சளானதும் காமாலை மருந்து குடித்து உப்பில்லாப் பத்தியம். சிறுநீர் நின்ற பிறகுதான் வண்டி ஏற்றியிருக்கிறார்கள். டயாலிசிஸ் செய்து மீட்டோம். எலிக்காய்ச்சல் என்றதும் அவர் மனைவி, “வீட்ல பூனை இருக்கு சார், எலி அண்டவே அண்டாது” என்று சாதித்தார்.

அம்மா, பூனை இருக்கட்டும். இந்தக் காய்ச்சலுக்கும் எலிப் பல்லுக்கும் சம்பந்தமே இல்லை. எலி கடித்து வரும் காய்ச்சல் வேறு, அது அபூர்வம். லெப்டோஸ்பைரா என்ற இந்தப் பாக்டீரியா குடியிருப்பது எலியின் சிறுநீரகத்தில். எலிக்கு அதனால் நோய் நொடி கிடையாது. மாதக்கணக்கில் சிறுநீரோடு வெளியே விட்டுக்கொண்டே திரியும். வரப்பு வளை, வைக்கோல் போரடி, கொட்டகை ஓரம் எல்லாம் அதன் இடம்தான். மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இது வரும். காய்ந்த மண்ணில் சீக்கிரம் செத்துவிடும். ஈரமண்ணிலும் தேங்கிய உப்பில்லாத தண்ணீரிலும் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அந்தத் தண்ணீரில் நீங்கள் நின்றால் போதும். கால் வெடிப்பு, முள் கீறல், விரலிடுக்குச் சேற்றுப்புண், கண், மூக்கு, எது கிடைத்தாலும் உள்ளே போய்விடும். எலியை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கவே வேண்டாம்.

1915-இல் ஜப்பானில் இனாடா, இடோ என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் காமாலையை ஆராய்ந்தபோதுதான். நூறு வருடம் கடந்தும் “கடிக்கலையே” என்கிறோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகிக் கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு வெள்ளம் வந்தால் வளைகளிலும் சாக்கடையிலும் இருந்ததெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். காய்ச்சல் மறுநாளே வராது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும், ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் வீடு கழுவி, தண்ணீரில் நின்றதே மறந்துபோயிருக்கும்.

இளைய டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: பிளேட்லெட் குறைந்ததும் டெங்கு என்று முடிவு கட்டாதீர்கள், இதிலும் குறையும். முதல் சில நாளில் எடுத்த ஐஜிஎம் பரிசோதனை (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனை) நெகட்டிவ் என்றால் இந்த நோய் இல்லை என்று ஆகாது. நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள்.

காமாலை வந்தால் அது ஏன் வந்தது என்று முதலில் பாருங்கள். காய்ச்சலோடு மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வேர் அரைப்பதற்கும் பத்தியத்துக்கும் அங்கே நேரமில்லை.

சம்பா நடவு எனக்காகக் காத்திருக்காது, தெரியும். நடவுச் சேற்றில் பூட்ஸ் போட்டு நிற்க முடியாது என்பதும் தெரியும். ஆறாத புண் இருந்தால் அன்றைக்கு மட்டும் வேறு வேலை பாருங்கள். கொட்டகை, வாய்க்கால் வேலைக்குக் கம்பூட்ஸ் போடலாமே. கரையேறியதும் நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் காலைக் கழுவுங்கள். வெள்ளம் வடியும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பிள்ளைகளைத் தேங்கிய தண்ணீரில் ஆடவிடாதீர்கள். தினம் சேற்றில் நிற்பவர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தரலாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது.

காய்ச்சல் என்று வந்தால், தயவுசெய்து, நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: எந்தத் தண்ணீரில், எத்தனை நாள் முன்பு நின்றீர்கள் என்று.