467 கிணறுகளில் 350: அது நம்ம ஊர்க் கிணறு இல்லை, தம்பி

போன வாரம் மறுபடியும் வந்தது. ராத்திரி ஏழரை மணி, வாணியம்பாடி நிருபரிடமிருந்து ஒரு செய்திக் காப்பி. "தோல் கழிவால் பாலாற்றங்கரையில் 467 கிணறுகளில் 350 பாழ்: ஆய்வில் அதிர்ச்சித் தகவல்." கூடவே கிணற்று மேட்டில் ஒரு விவசாயி குனிந்து தண்ணீரைப் பார்ப்பது போல ஒரு படம். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் இந்த 467-ஐயும் 350-ஐயும் செய்தி திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில் எத்தனை முறை அடித்து நீக்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. போன் போட்டேன்.

"இந்தக் கணக்கு எங்கிருந்து எடுத்தே தம்பி?"

"சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே இருக்கு சார்."

இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பில் அந்த எண்கள் இருக்கின்றன. அதே வாக்கியத்தில் அவை திண்டுக்கல் வட்டாரத்தில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கு என்றும் இருக்கிறது. வழக்கின் பெயரில் வேலூர் இருந்தாலும், அந்தத் தீர்ப்பு அன்றைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டத்தோடு, அதாவது நம்ம வேலூர்ப் பக்கத்தோடு, திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கல்பட்டுப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்துத்தான். ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டதும் அந்த ஐந்து மாவட்டத்துக்கும்தான். தம்பி படித்தது தீர்ப்பு அல்ல. தீர்ப்பைப் பற்றி யாரோ எழுதியதை இன்னொருவர் சுருக்கி வாட்ஸ்அப்பில் போட்டதை.

நம்ம ஊருக்கான எண்ணும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு அது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம், பகுதியாகவோ முழுவதுமாகவோ, சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்கிறது. இதிலிருந்து "பகுதியாகவோ முழுவதுமாகவோ" என்ற இரண்டு வார்த்தைகள் எந்தக் காப்பியிலும் உயிரோடு வந்து சேர்ந்ததில்லை. இன்னொன்று, 1996 தீர்ப்பில் இருக்கிற கணக்கு என்றால் அதற்கும் முந்தியது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, சில பட்டறைகள் மூடின, சில நிலங்கள் மனைப்பிரிவாகிவிட்டன. முப்பது வருஷத்துக்கு முந்தைய கணக்கை "பாழாகியுள்ளது" என்று நிகழ்காலத்தில் எழுத எப்படிக் கை வருகிறது? நிலைமை இன்று அதைவிட மோசமாகவே இருக்கலாம். இருந்தால் அதற்கான கணக்கைக் கொண்டுவா.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்கவே முடியாதது ஆஸ்பத்திரி ஆய்வு. "வேலூரில் இத்தனை சதவீதம் பேருக்கு இந்த நோய்" என்று தலைப்பு வரும். உள்ளே போய்ப் பார்த்தால் சி.எம்.சி.க்கு, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு, சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஆய்வு. ஐயா, காந்தி ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள். லாட்ஜ் போர்டு வங்காளத்தில், மெஸ் போர்டு வங்காளத்தில், மருந்துக் கடையில் பேச்சும் வங்காளத்தில். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பக்கத்துச் சித்தூர் என்று எங்கெங்கிருந்தோ, பெரும்பாலும் உள்ளூரில் பார்த்துத் தீராத நோயோடு வருகிறவர்கள். அவர்களில் நூற்றுக்கு இத்தனை பேருக்கு ஒரு நோய் இருந்தால், அது அந்த வரிசையில் நின்றவர்களைப் பற்றிய செய்தி. அணைக்கட்டில் ஆடு மேய்க்கிறவரைப் பற்றிய செய்தி அல்ல. காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா ரயிலிலிருந்து இறங்குகிறவர்களை எண்ணிவிட்டு, வேலூர் மாவட்டத்தின் தாய்மொழி வங்காளம் என்று எழுதுவீர்களா? இதையும் அப்படித்தான் எழுதுகிறீர்கள். ஆய்வு செய்த டாக்டர் இதைத் தெளிவாகத்தான் எழுதியிருப்பார், கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், "வரம்புகள்" என்ற தலைப்பின் கீழ். நம் ஆட்கள் முதல் பத்தியோடு எழுந்து போய்விடுகிறார்கள்.

சரியான மாதிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி. சமுதாய மருத்துவத் துறையினர் ஊர் ஊராக, வீடு வீடாகப் பிறப்பு இறப்பைப் பதிந்து வருகிறார்கள். ஒருவர் இறந்தால் வீட்டாரிடம் உட்கார்ந்து பேசி என்ன காரணம் என்று விசாரிப்பார்கள். அப்படி 1994 முதல் 1999 வரை விசாரித்ததில், அந்த ஒன்றியத்தில் தற்கொலைச் சாவு ஆண்டுக்கு லட்சத்துக்கு 95 என்று வந்தது. அரசு ஏடுகளில் இருந்த தேசிய சராசரியைப் போல அது பல மடங்கு. ஏட்டில் ஏறாத சாவு எத்தனை என்று அதில்தான் தெரிந்தது. கொள்கையைப் பற்றி எழுத இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அதையும் "வேலூர் மாவட்டம்" என்று எழுதக் கூடாது. அது கணியம்பாடி, அந்த ஆறு வருஷம்.

மாவட்டம் என்றதும் இன்னொரு கூத்து. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் வேலூருக்கு ஒரு அட்டவணை உண்டு. தமிழ்நாட்டில் களப்பணி 2020 ஜனவரியில்தான் தொடங்கியது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 நவம்பரிலேயே பிரிந்துவிட்டன. அதனால் அட்டவணையில் இருப்பது புது வேலூர் என்று நினைத்துக்கொண்டு, "மாவட்டம் பிரிந்ததும் ரத்தசோகை கூடியது" என்று ஒரு காப்பி வந்தது. கணக்கெடுப்புக்காரர்கள் எடுத்துக்கொண்டது 2017 மார்ச் 31 அன்று இருந்த எல்லையை. அந்த வேலூருக்குள் ஆற்காடும் ஆம்பூரும் இருக்கின்றன. இதைச் சொன்னபோது அந்த நிருபர் "அண்ணா, அதை யார் பார்க்கப் போறாங்க?" என்றார். கலெக்டர் ஆபீஸில் பார்ப்பார்கள். அடுத்த முறை நீங்கள் உண்மையாகவே எழுதும்போது இதைக் காட்டித்தான் மறுப்பு அனுப்புவார்கள்.

ஒரே ஆய்வைப் பிடித்துக்கொண்டு தொங்குவதும் வேண்டாம். 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆட்கள் வடாற்காட்டுக் கிராமங்களில் நெல் விவசாயத்தைப் பார்த்துவிட்டு, பசுமைப் புரட்சி பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்ற சந்தேகத்தோடு போனார்கள். 1977-ல் வந்த புத்தகத்தின் தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதே கிராமங்களுக்கு வேறொரு குழு போனது, அதில் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்த்தி. சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும் நன்றாகவே பயனடைந்திருந்ததைப் பார்த்தார்கள். முதல் குழு பொய் சொல்லவில்லை. அவர்கள் போய்ப் பார்த்த வருஷம் அப்படி.

அதனால் காப்பி அனுப்புமுன் எங்கே, எப்போது, யாரை எண்ணினார்கள் என்று பாருங்கள். பிரஸ் நோட்டை வைத்து எழுதாதீர்கள், கட்டுரையின் அட்டவணையைத் திறங்கள். ஆங்கிலம் தடுக்கினால் கட்டுரையிலேயே ஆய்வாளரின் மெயில் முகவரி இருக்கும், கேளுங்கள். நம்ம ஊர்ப் பேராசிரியர்கள் யாரும் கடித்துவிட மாட்டார்கள், கேட்க ஆள் இல்லாமல்தான் இருக்கிறார்கள். யார் பணத்தில் ஆய்வு நடந்தது என்பதையும் ஒரு வரி போடுங்கள். 20 சதவீதம் 25 ஆனால் அது ஐந்து சதவீதம் கூடியதாக ஆகாது, நாலில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இதை இன்னும் எத்தனை தரம் சொல்வது?

அந்த வாணியம்பாடித் தம்பிக்கு மறுபடி போன் போட்டேன். நம்பர் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நம்பர் இல்லாமலே எழுது, படத்தில் இருக்கிறாரே அந்தப் பெரியவர், அவர் கிணற்றில் கடைசியாக எந்த வருஷம் தண்ணீர் இறைத்தார், இப்போது குடிக்க எங்கே போகிறார், அதைக் கேட்டு எழுது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்தப் படம் பழசு சார்."

ஒன்பது மணிக்குள் புதுசு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.