ஆட்டுக்கால் சூப்பும் ஆறு வயதுப் பேரனும்

இந்த மாதம் இது மூன்றாவது பிளாஸ்க். பாட்டி விடிகாலையிலேயே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிக் காய்ச்சிய ஆட்டுக்கால் சூப்பு, கூடவே ஒரு டப்பா கொலாஜன் தூள். பேரனுக்கு ஆறு வயது, தொடை எலும்பு நான்காவது முறையாக முறிந்திருக்கிறது. "எலும்பு வலுக்கணும்ல டாக்டர்" என்கிறார். நான் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அது கிடக்கட்டும்.

எலும்பு என்றாலே கால்சியம் என்று எல்லாரும் நினைக்கிறோம். அந்தக் கால்சியம் படிய உள்ளே கொலாஜன் இழைகள் வேண்டும். மூன்று கால் சடை மாதிரி மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு உருவாகிற பொருள் அது. செல்லுக்குள் அந்த முறுக்கு அவிழாமல் பிடித்துக்கொள்ள ஹெச்எஸ்பி47 என்று ஒரு புரதம் இருக்கிறது. இந்தப் பையனுக்கு அதில்தான் பழுது, அதனால்தான் எலும்பு இப்படி எளிதில் நொறுங்குகிறது. (அரிதிலும் அரிது. முதலில் 2009-ல் டாக்ஸ்ஹண்ட் நாய்களில் கண்டுபிடித்தார்கள், மனிதக் குழந்தையில் 2010-ல்.)

சரி, சூப்பு குடித்தால்? வயிற்றில் அந்தக் கொலாஜன் துண்டுதுண்டாகிவிடும், அது அப்படியே எலும்புக்குப் போய் உட்காராது. இங்கே நூலுக்குப் பஞ்சமில்லை, பின்னுகிற கைதான் சரியில்லை. நூலைக் கூட்டிக்கொண்டே போனால் சடை எப்படி நேராகும்? கால்சியமும் வைட்டமின் டியும் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்கிற அளவுக்குத்தான், அதற்கு மேல் போனால் சிறுநீரகம்தான் பாடுபடும்.

"கர்ப்பத்துல நீ பால் குடிக்கல, அதான்" என்று மருமகளைக் குத்துவதைத் தயவுசெய்து விடுங்கள். போன வாரம் அந்தப் பெண் லிஃப்ட் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். இந்த வகை எலும்பு நோயில் பழுதான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

எலும்பு எளிதில் நொறுங்கும் குழந்தை வீட்டில் இருந்தால், பேம்பர்ஸ் மாற்றும்போது இரண்டு காலையும் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்புக்கடியில் உள்ளங்கையை நுழைத்துத் தூக்குங்கள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள், பணிப்பெண்ணுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள். குழந்தைக்கு டிரிப்பில் எலும்பு மருந்து ஏற்றுகிறார்கள் என்பதை, பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், முறிவு ஆறியபின் பயந்து மாதக்கணக்கில் படுக்கப் போட்டுவிடாதீர்கள், படுத்தே கிடக்கும் எலும்பு இன்னும் மெலியும். நாங்கள் சொல்கிற நாளிலிருந்து தண்ணீரில் இறக்கிப் பயிற்சி கொடுக்கலாம்.

பாட்டி, பையனுக்குப் பிடித்தால் சூப்பு குடிக்கட்டும். போன முறை சூப்பு இருக்கிறதே என்று தவறவிட்டீர்களே, அந்த எலும்பு மருந்து டிரிப் தேதிக்கு இந்த முறை கூட்டி வந்துவிடுங்கள்.