சிலோவிக்கி: தமிழில் என்ன சொல்லலாம்?

ரஷ்ய அரசியல் பற்றிப் படிப்பவர்கள் இந்தச் சொல்லைத் தாண்டாமல் போக முடியாது. உளவுத்துறை, ராணுவம், காவல்துறை ஆகியவற்றில் வளர்ந்து, பிறகு ஆட்சிக் கட்டிலைப் பிடித்தவர்களுக்கு அங்கே இதுதான் பெயர். ஒருவர் என்றால் சிலோவிக். பலர் என்றால் சிலோவிக்கி. 'சிலோவிக்கிகள்' என்று எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை.

வேர்ச்சொல் 'சீலா'. வலிமை என்று பொருள். இயற்பியலில் விசைக்கும் அதே சொல்தான். 1990-களில் பாதுகாப்பு, உள்துறை அமைச்சகங்களையும் உளவு அமைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து 'வலு அமைச்சகங்கள்' என்று பேசலானார்கள். ஆயுதம் ஏந்திய ஆட்களை வைத்திருக்கும் துறைகள் என்பது கருத்து. அங்கிருந்து வந்தவர் சிலோவிக்.

இவர்களில் புதினைத் தெரியாதவர் இல்லை. 1975-இல் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியில் சேர்ந்தார், 1985 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்தார். பிறகு பீட்டர்ஸ்பர்க் மேயர் அலுவலகம். 1998-இல் கேஜிபியின் வழிவந்த உள்நாட்டு உளவு அமைப்பான எஃப்எஸ்பியின் தலைவர், 1999 ஆகஸ்டில் பிரதமர், அந்த ஆண்டின் கடைசி நாளில் தற்காலிக அதிபர். ஆனால் அவருக்குச் சற்று முன் பிரதமர்களாக இருந்த பிரிமகோவும் ஸ்டெபாஷினும்கூட உளவு அமைப்புகளின் தலைவர்களாக இருந்தவர்களே. அன்றைய அதிபர் யெல்ட்சின் அடுத்தடுத்து அமர்த்திய மூன்று பிரதமர்களும் ஒரே வார்ப்பு! சிலோவிக்கி என்றாலே புதின் கூட்டிவந்த கூட்டம் என்பது பாதிக் கதைதான்.

தமிழில்? 'ஒற்றர்' சரிப்படாது. ஒற்று மன்னனின் கண் என்கிறது குறள். இங்கே கண்ணே மன்னனாகிவிட்டது. தவிர, சிலோவிக்கியில் தளபதிகளும் அடக்கம். 'வன்துறையார்' என்றால் வன்முறை, வன்கொடுமை வாடை அடிக்கிறது. ரஷ்யச் சொல்லில் அந்தத் திட்டு இல்லை. 'விசைத்துறை' என்றால் விசைத்தறி நினைவுக்கு வருகிறது. எனக்குப் பிடித்தது 'வலுத்துறையார்'. ஒருமைக்கு வலுத்துறையாளர்.

'செக்கிஸ்ட்' என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1917 டிசம்பரில் தொடங்கிய செக்கா என்ற ரகசியக் காவல் அமைப்பின் பெயரிலிருந்து வந்தது. உளவுத்துறையாரை மட்டுமே குறிக்கும். புதின் இரண்டுமே. ராணுவத்திலிருந்து வந்த ஜெனரலோ சிலோவிக் மட்டும்தான்.