எச்சிலா, சளியா? நுரையீரல் தொற்றுக்கு மருந்து தேரும் ஆய்வு

நிமோனியா என்று ஐயப்படும் நோயாளியிடம் சிறு டப்பாவைக் கொடுத்துச் சளி எடுத்து வரச் சொல்லும்போது, அதை எப்படி எடுப்பது என்றும் சொல்லித்தர வேண்டும். தொண்டையைக் காறித் துப்பினால் விழுவது பெரும்பாலும் எச்சில்தான். வாயில் இயல்பாகவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் நிறைந்திருப்பதால், நோய்க்குத் தொடர்பே இல்லாத கிருமிக்கு மருந்து கொடுக்க நேரலாம். எனவே, வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். முதல் வேளை ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது; ஆனால், நோய் கடுமையாக இருந்தால் சளிக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆய்வகத்தில் முதலில் சளியின் தரத்தைத்தான் பார்க்கிறார்கள். நுண்ணோக்கியின் குறைந்த உருப்பெருக்கத்தில், ஒரு பார்வைப் புலத்தில் வாயின் உட்தோலிலிருந்து உதிர்ந்த அணுக்கள் 10க்குக் குறைவாகவும் சீழ் அணுக்கள் 25க்கு மேலும் இருந்தால் அது நெஞ்சுச்சளி என்று கொள்வது பரவலான வழக்கம். "வேறு சளி கொண்டு வாருங்கள்" என்று ஆய்வகம் திருப்பி அனுப்பினால், அது அலைக்கழிப்பு அன்று. நோயாளிக்குச் செய்யும் நன்மை.

அடுத்து, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்தபோது ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டறிந்து 1884இல் வெளியிட்ட, பாக்டீரியாக்களுக்கு நிறமேற்றிப் பார்க்கும் சாயமுறை. நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவான நிமோகாக்கஸ் அதில் ஈட்டிமுனை வடிவில், ஊதா நிற இரட்டைகளாகத் தெரியும். பிறகு சளியை ஊட்டத்தட்டுகளில் தீற்றி, உடல் வெப்பத்தில் ஓரிரவு வைக்கிறார்கள். மறுநாள், அவற்றுள் ஒன்றான மெக்கான்கி தட்டில், நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான கிளெப்சியெல்லா இளஞ்சிவப்புக் கொழகொழப்பாய்த் திரண்டிருக்கும். அதன் சில வகைகள் கம்பியால் தொட்டு இழுத்தால் நூலாக நீளும்.

அந்தக் கிருமியைப் புதிய தட்டில் சீராகப் பரப்பி, மருந்து தோய்ந்த வில்லைகளை வைத்தால், மருந்து வேலை செய்யும் இடத்தில் கிருமி வளராத வெற்று வட்டம் உண்டாகும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். பெரிய வட்டம் தரும் மருந்தே சிறந்தது என்பது தவறான எண்ணம். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை அளவு வேறு. டாப்டோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக், ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவை ஆய்வகத்தில் நன்றாகவே அழிக்கும். ஆனால், நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் நிமோனியாவுக்கு அதைக் கொடுப்பதில்லை.

இவ்வளவும் முடிய இரண்டு, மூன்று நாள் ஆகும். அதுவரை உத்தேசமாகக் கொடுத்துவந்த மருந்தை, முடிவு வந்ததும் அந்தக் கிருமிக்கு மட்டும் உரிய மருந்தாக மருத்துவர் மாற்றலாம். காசநோய்க் கிருமி இந்தத் தட்டுகளில் ஓரிரு நாளில் வளர்ந்துவிடாது. அந்த ஐயம் இருந்தால் அதற்கான பரிசோதனையைத் தனியே கேட்டு எழுத வேண்டும்.