ப்ரெட்செல் கலருக்காக காஸ்டிக் சோடா வாங்குறதுக்கு முன்னாடி

அக்டோபர் வந்துட்டா போதும், என்கிட்ட பேக்கிங் கத்துக்க வர்றவங்க ஆளாளுக்கு கேக்குறது சாஃப்ட் ப்ரெட்செல்தான், மாவ முடிச்சு மாதிரி முறுக்கி சுடுற மெத்துன்னு இருக்கிற ப்ரெட். ஃபால் பார்ட்டி, ஹாலோவீன் பாட்லக், பசங்களோட சாக்கர் டீம் கெட்டுகெதர்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், அதுக்கு ஒரு தட்டு ப்ரெட்செல்லும் சீஸ் டிப்பும். நான் வேலை பாக்குறது பிலடெல்ஃபியா பக்கம், இங்க ப்ரெட்செல் இல்லாத தெருமுனையே கிடையாது, ஜெர்மனில இருந்து வந்து குடியேறினவங்க கொண்டு வந்த பண்டம், பக்கத்துல லிட்டிட்ஸ்ங்கிற ஊர்ல ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் 1861-ல ஆரம்பிச்ச பேக்கரிய இன்னைக்கும் போய் பாக்கலாம்.

எல்லாரும் சொல்ற குறை ஒண்ணுதான், "வீட்ல பண்ணா கடைல வர்ற அந்த பளபளப்பான பழுப்பு கலர் வரல, பன்னு மாதிரி வெளுத்துப் போய் இருக்கு." உடனே நெட்ல தேடுறாங்க, லை வேணும்னு படிக்கிறாங்க, ஒரு டப்பா ஆர்டர் பண்ணிடுறாங்க. லைன்னா வேற ஒண்ணும் இல்லீங்க, நம்ம ஊர்ல சோப்பு காய்ச்சவும் அடைச்ச பைப்ப க்ளீன் பண்ணவும் வாங்குவோமே, அந்த காஸ்டிக் சோடாதான், சோடியம் ஹைட்ராக்சைடு.

பேக்கரில நாங்க இதத்தான் யூஸ் பண்றோம், அத மறைக்க வேண்டியதில்ல. லிட்டருக்கு 30-லேர்ந்து 40 கிராம் கலந்த தண்ணில சில விநாடி முக்கி எடுத்து ஓவன்ல வச்சா மாவோட மேல்தோல்ல காரத்தன்மை (மிளகா காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரான குணம்) ஏறி ப்ரௌனிங் வேகமா நடக்கும், அந்த தனி வாசனையும் அதுலதான் வருது. வெந்து வெளிய வரும்போது அந்த காரம் மாவோடயும் ஓவன்ல இருக்கிற கார்பன் டை ஆக்சைடோடயும் சேர்ந்து மாறிடும், அதனால சாப்பிட பயம் இல்ல. பயமெல்லாம் வேகறதுக்கு முன்னாடிதான். ஆனா பேக்கரில எங்களுக்கு கண்ணுக்குப் போடுற பாதுகாப்பு கண்ணாடி இருக்கு, முழங்கை வரைக்கும் க்ளவுஸ் இருக்கு, அதுக்குன்னே தனி ஸ்டீல் தொட்டி இருக்கு, முக்கியமா அங்க நாலு வயசு புள்ள ஓடி வந்து மேஜைய எட்டிப் பாக்காது.

வீட்டு கிச்சன்ல எங்க தப்பு நடக்குதுன்னு சொல்றேன். லை உருண்டைங்க காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், ஒண்ணு கவுண்டர்ல சிந்திட்டா கொஞ்ச நேரத்துல உருகி ஒரு சொட்டு தண்ணியா நிக்கும், பாத்தா தண்ணின்னுதான் தோணும், கைய வச்சா எரியும். முக்கி எடுத்த பச்சை ப்ரெட்செல்லும் அப்படித்தான், சும்மா ஈரமா இருக்கிற மாவு மாதிரி ட்ரேல உக்காந்திருக்கும், புள்ள ஒண்ண கிள்ளி வாயில போட்டா முடிஞ்சுது. மிச்சம் இருக்கிற கரைசல தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிறதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம், கிளாஸுக்கு ஒருத்தங்க அப்படியே எடுத்துட்டு வந்தாங்க, அடுத்த தடவைக்கு ஆகும்னு. தயவுசெஞ்சு வேண்டாம். நிறைய பச்சத்தண்ணி விட்டு அன்னைக்கே சிங்க்ல ஊத்திடுங்க.

இந்த ஊர்லயே இதுக்கு ஒரு கதை இருக்கு. செவாலியர் ஜாக்சன்னு ஒரு தொண்டை டாக்டர் பிலடெல்ஃபியால இருந்தார். அந்தக் காலத்துல துணி துவைக்க, தரை கழுவன்னு வீட்டுக்கு வீடு லை டப்பா இருக்கும், பசங்க எடுத்து விழுங்கிடுவாங்க, உணவுக்குழாய் வெந்து சுருங்கி பால் கூட இறங்காத நிலைமைல அவர்கிட்ட வருவாங்க. டப்பா மேல விஷம்னு எழுதணும்னு அவர் விடாம அலைஞ்சுதான் 1927-ல அமெரிக்கால அதுக்கு சட்டமே வந்துச்சு. ப்ரெட்செல் மோகத்துல இப்போ அதே டப்பா திரும்ப கிச்சன் அலமாரிக்கு வந்திருக்கு.

அப்பவும் லைதான் வேணும்னு நிக்கிறவங்களுக்கு: ஃபுட் கிரேடு மட்டும், பைப் க்ளீனர் டப்பா கூடவே கூடாது, அதுல வேற கெமிக்கல் இருக்கலாம். பச்சத்தண்ணிய முதல்ல ஊத்திட்டு அதுல லைய கொஞ்சம் கொஞ்சமா போடணும், மாத்தி செஞ்சா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும். அலுமினியம் பாத்திரம், ஃபாயில் எதுவும் பக்கத்துல வரக்கூடாது, லை அலுமினியத்த அரிச்சு ஹைட்ரஜன் கேஸ் விடும், அலுமினியம் ப்ரெட்செல்லயும் ஏறும், ஜெர்மனில இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2002-லயே இத பத்தி பேக்கரிகளுக்கு சொல்லிடுச்சு. நம்ம வீட்டு ஷீட் பான்ல பாதிக்கு மேல அலுமினியம்தான், அதனால ஸ்டீல் ட்ரே, மேல சிலிக்கான் மேட். இதெல்லாம் பார்ட்டிக்கு ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

லை உடம்புல பட்டுட்டா முதல்ல வழுவழுன்னுதான் இருக்கும், வலி லேட்டா கூட வரலாம், அந்த வழுவழுப்பே தோல்ல இருக்கிற கொழுப்பு சோப்பா மாறுறதுதான். குழாய திறந்து விட்டு குறைஞ்சது 15, 20 நிமிஷம் கழுவுங்க, துணில பட்டிருந்தா அத கழட்டிடுங்க. வினிகர், எலுமிச்சை எதுவும் தேய்க்காதீங்க. கண்ணுல பட்டா கழுவிக்கிட்டே இருங்க, கூட இருக்கிறவங்க 911 கூப்பிடட்டும். விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, திரும்ப மேல வரும்போது இன்னொரு தடவ சுடும், உடனே எமர்ஜென்சிதான். சந்தேகம்னா அமெரிக்கா முழுக்க பாய்சன் கன்ட்ரோல் நம்பர் 1-800-222-1222, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, ஃப்ரிட்ஜ் மேல எழுதி ஒட்டிடுங்க.

சரி, வீட்டுக்கு நான் சொல்றது என்னன்னா, பேக்கிங் சோடாவ ட்ரேல பரப்பி 275 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம் சுட்டுடுங்க. சும்மா பேக்கிங் சோடா தண்ணில பிஎச் (காரத்தன்மைய காட்டுற அளவு) 8 சொச்சம்தான், அதான் கலர் வர்றதில்ல, சுட்டா சோடியம் கார்பனேட்டா மாறி 11 கிட்ட போயிடும், எடை மூணுல ஒரு பங்குக்கு மேல குறையும். லிட்டருக்கு 60 கிராம் போட்டு, லேசா கொதி வர்றப்போ அரை நிமிஷம் முக்கி எடுங்க. லை அளவுக்கு வராது, ஆனா கிட்டத்தட்ட வரும், பார்ட்டிக்கு வர்ற யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இதுவும் கையில எரியும், கண்ணுக்கு ஆகாது, க்ளவுஸ் போடுங்க, இதுக்கும் ஸ்டீல் பாத்திரம்தான்.

மாவுக்கு 500 கிராம் ப்ரெட் ஃப்ளோர் (ப்ரெட்டுக்குன்னு விக்கிற மைதா), 280 மில்லி தண்ணி, 7 கிராம் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 30 கிராம் வெண்ணெய், எட்டு ப்ரெட்செல் வரும். முறுக்கி வடிவம் பண்ணதும் மூடாம ஃப்ரிட்ஜ்ல ஒரு முக்கால் மணி நேரம் வைங்க, மேல் தோல் காஞ்சாதான் முக்கும்போது பிஞ்சு போகாது. அப்புறம் 435 டிகிரி ஃபாரன்ஹீட்ல 14 நிமிஷம் கிட்ட.

பசங்கள முறுக்க விடுங்க, அதுதான் அவங்களுக்கு ஜாலியே, ஆனா பச்சை மாவ வாயில போட விடாதீங்க, பச்சை மைதால ஈ கோலை, சால்மோனெல்லா இருக்கலாம். நாய் இருக்கிற வீடுன்னா இன்னும் கவனம், ஈஸ்ட் மாவு அது வயித்துல போய் பொங்கும், ஆல்கஹாலும் ஆகும், கால்நடை டாக்டர்கிட்ட ஓட வேண்டி வரும். எள்ளு தூவுறவங்க முன்னாடியே சொல்லிடுங்க, 2023-லேர்ந்து அமெரிக்கால எள்ளும் பெரிய அலர்ஜி லிஸ்ட்ல இருக்கு. தேன் கலந்த மஸ்டர்ட் டிப் ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு நக்கக் கூட குடுக்கக் கூடாது, சீஸ் டிப்ப ரெண்டு மணி நேரத்துக்கு மேல மேஜைல விடாதீங்க.

அன்னைக்கே சாப்பிடப் போறதுக்கு மட்டும் கல்லுப்பு தூவுங்க. மிச்சத்துக்கு தூவினா ராத்திரிக்குள்ள உப்பு கசிஞ்சு தோல் சுருங்கிடும், அத தூவாம ஆற வச்சு ஃப்ரீசர்ல போட்டுட்டா வேணும்கிறப்போ தண்ணி தெளிச்சு உப்பு போட்டு அஞ்சு நிமிஷம் சூடு பண்ணிக்கலாம்.