‘சூடு பண்ணிட்டுத்தான் டாக்டர் சாப்பிட்டோம்!’

கல்யாணமாகி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நள்ளிரவு தாண்டி, ஒருவர் தோளில் இன்னொருவர் சாய்ந்தபடி, கையில் ஒரு பாலிதீன் கவரோடு அவசரப் பிரிவுக்குள் வருவார்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரியில் வாந்தி என்றால் பாதி நோயறிதல் வாசலிலேயே முடிந்துவிடும். மீதிக்கு ஒரே கேள்விதான்: “கடைசியா என்ன சாப்பிட்டீங்க, அது எப்போ சமைச்சது?” என்ன சாப்பிட்டோம் என்பதற்குப் பதில் உடனே வரும். எப்போது சமைத்தது என்பதற்கு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் தலைப்பில் இருக்கிற அந்த வாக்கியம் வரும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சூடு பண்ணினால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கையை முதலில் உடைக்க வேண்டும். அரிசியோடு வயல் மண்ணிலிருந்தே வரும் ஒரு கிருமி உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். சோறு கொதிக்கும்போது கிருமி சாகும், அதன் வித்துகள் சாகாது. வடித்த சோறு ஆறி வெதுவெதுப்பாகும்போது அந்த வித்துகள் முளைக்கும். நம் ஊர் சமையலறையின் 30 டிகிரி அவற்றுக்குத் தொட்டில் மாதிரி. பெருகும்போது செரூலைடு என்ற நச்சை வெளியே விடும். பிறகு நீங்கள் ஆவி பறக்கச் சூடு பண்ணினால் கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். அறுவைக் கருவிகளை நாங்கள் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியையும் அது தாங்கும். உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போதும் உள்ளே ஏறக்குறைய அதே வெப்பம்தான். பாம்பை அடித்துக் கொன்றுவிட்டால் கடிபட்டவன் உடம்பில் ஏறிய விஷம் இறங்கிவிடுமா?

இன்னொன்று, “மோந்து பார்த்தோம், நல்லாத்தான் இருந்துச்சு.” இந்த நச்சுக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. ஊசிப்போன வாடை வேறு கிருமிகளின் வேலை. வாடை வந்தால் கொட்டுங்கள். வரவில்லை என்பது யாரும் கொடுத்த சான்றிதழ் அல்ல. சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். எப்போதும் அப்படி என்று சொல்ல முடியாது. 2008-ல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர், அறை வெப்பத்தில் 5 நாள் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டு அன்றிரவே இறந்தார். கல்லீரல் பாதிப்பு வரை போயிருந்தது. மருத்துவ இதழில் வந்த கேஸ் அது. பயமுறுத்தச் சொல்லவில்லை, ‘சூடு பண்ணிட்டோமே’ என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, புதுக் குடித்தனத்தில் இது எங்கே நடக்கிறது? சாப்பாட்டு மேசையில். ஏழரை மணிக்கு ஒருவர் சமைத்து முடிக்கிறார். இன்னொருவருக்கு ஷிப்ட் முடிந்து வரப் பன்னிரண்டு ஆகும். சோறு ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில், மேலே தட்டு கவிழ்த்து, பக்கத்தில் குழம்பு, கிண்ணத்தில் பொரியல். அன்போடு எடுத்து வைத்ததுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்தத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர் முத்து முத்தாய்க் கோத்திருக்கும், சோற்றின் நடுவில் விரலை வைத்தால் இன்னும் இளஞ்சூடு இருக்கும். ஈரமும் இளஞ்சூடும் நாலரை மணி நேரமும், கிருமிக்கு வேறென்ன வேண்டும்? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சமைத்த உணவு கிடக்கக்கூடிய நேரம் 2 மணி. அறை வெப்பம் 32-ஐத் தாண்டினால் 1 மணி. சென்னையிலும் மதுரையிலும் வருஷத்தில் பாதி நாள் ஒரு மணிக் கணக்குதான்.

ஹாட்பாக்கும் காப்பாற்றாது. முதல் ஒன்றிரண்டு மணிக்குத்தான் அது ஹாட், பிறகு வெறும் வெதுவெதுப்புப் பெட்டி. மின்சார ரைஸ் குக்கரை ‘வார்ம்’ நிலையில் விட்டால் பரவாயில்லை. திறக்கும்போது கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை.

இங்கே யாராவது பழைய சோற்றைக் கொண்டுவந்து விடுவார்கள். “எங்க ஆயா காலம் பூரா பழையதுதான் சாப்பிட்டாங்க.” சாப்பிட்டார்கள். சோறு ஆறியதும் மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றினார்கள். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வளர்ந்து புளிப்பேறியது, அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கியது. விடிந்ததும் உப்பும் மோரும் சேர்த்துத் தீர்த்துவிட்டார்கள். தண்ணீர் ஊற்றாமல் மேசையில் விட்டுவிட்டு, மறுநாள் முட்டை உடைத்துப் போட்டு ஃப்ரைட் ரைஸ் ஆக்குகிற நீங்கள் ஆயாவைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

அடுத்த மூடநம்பிக்கை, சூடான உணவை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பது. முழுக்க ஆறட்டும் என்று காத்திருந்து, தூங்கிப்போய், காலையில் எடுத்து உள்ளே வைப்பார்கள். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். கொதிக்கக் கொதிக்க ஐந்து லிட்டர் குக்கரை அப்படியே உள்ளே தள்ளச் சொல்லவில்லை. அப்படித் தள்ளினால் பக்கத்துப் பால் கெடும், குக்கரின் நடுப்பகுதியும் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்புங்கள். மின்விசிறிக்கடியில் கால் மணி நேரம் போதும். குழம்பை இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாதபடி அகலமான டப்பாக்களில் பிரியுங்கள். அவசரமென்றால் தொட்டியில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு அதில் பாத்திரத்தை இறக்கிக் கிளறுங்கள். ஆவி அடங்கினால் போதும், மூடி உள்ளே வையுங்கள். சமைத்து முடித்த ஒரு மணிக்குள் இது முடிய வேண்டும்.

ஃப்ரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே இருக்கிற திருகில் 1 முதல் 5 அல்லது 7 வரை எண் இருக்கும். பெரிய எண் என்றால் அதிகச் சூடு என்று நினைத்து 1-ல் வைத்திருக்கும் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். பெரும்பாலான மாடல்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். உள்ளே 4 டிகிரி இருக்க வேண்டும், சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் வைத்துப் பாருங்கள். மின்தடை வந்தால் கதவைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும். ‘குளிர்ச்சி இருக்கா பார்ப்போம்’ என்று அரை மணிக்கொரு தடவை திறந்தால் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதற்கும் சமைத்து வைப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இருவரும் எட்டரைக்கு வண்டியைக் கிளப்புகிற வீட்டில் வேறு வழி? ஆனால் ஃப்ரிட்ஜில் சோற்றுக்கு ஆயுள் 1 நாள். குழம்பு, குருமா, கறிக்கு 3 நாள். புதன்கிழமைக்கு அப்புறம் சாப்பிடப் போவதை ஞாயிறன்றே ஃப்ரீசரில், ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று, தேதி எழுதி வையுங்கள். முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாற்றினால் உருகிவிடும். சமையல் மேடையில் வைத்து உருக்காதீர்கள். எடுத்ததில் வேண்டிய அளவை மட்டும் சூடு பண்ணுங்கள். முழுப் பாத்திரத்தையும் திங்கள் கொதிக்கவைத்து, செவ்வாய் கொதிக்கவைத்து, புதனும் கொதிக்கவைப்பது உணவைப் பாதுகாப்பதில்லை, மூன்று தடவை வெதுவெதுப்பாக ஆறவிடுவதுதான் நடக்கிறது.

பிரியாணி தனிக் கதை. ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் செய்த பக்கெட்டில் பாதி மிஞ்சும். படம் பார்த்தபடி தூங்கிவிட்டு, காலையில் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சுற்றி எடுப்பார்கள். கறி சேர்ந்த பெரிய பாத்திர உணவில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று இன்னொன்று வளரும். சாப்பிட்ட 8 முதல் 16 மணி நேரத்தில் வயிற்றை முறுக்கிப் பேதி போகும். நியாயமாகச் சொன்னால், இதற்கு மட்டும் சூடு உதவும், நடுவரைக்கும் 75 டிகிரி ஏறினால். மைக்ரோவேவில் ஓரம் கொதிக்கும், நடுவில் லெக் பீஸ் சில்லென்றிருக்கும். பாதியில் எடுத்துக் கிளறி, மறுபடி வைக்க யாருக்குப் பொறுமை?

மதிய டப்பாவுக்குத் தயிர்சாதமும் புளிசாதமும் நம் ஊரில் நிலைத்தது சும்மா இல்லை, புளிப்பு காவல் இருக்கிறது. முட்டைச் சாதம், தேங்காய்ச் சட்னி, நேற்றைய சிக்கன் இவற்றை ஏழரைக்குக் கட்டி ஒன்றரைக்குத் திறக்காதீர்கள். சமைப்பவர் கையில் வெட்டுக்காயம் சீழ் வைத்திருந்தால் அன்றைக்கு இன்னொருவர் சமைக்கட்டும். அந்தச் சீழில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸும் சூட்டுக்கு மசியாத நச்சு விடுகிற ஆசாமி.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தயவுசெய்து ஒரு படி மேலேயே போங்கள். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரும், கருவைத் தாக்கும். அவருக்கு அன்றன்றைக்குச் சமைத்ததைச் சூடாகக் கொடுங்கள். ‘கொட்ட மனசு வரல’ என்று மிச்சத்தை அவரே தீர்க்கிற வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

வாந்தி தொடங்கிவிட்டால்? ஓ.ஆர்.எஸ். வாங்கி உறையைப் படியுங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குவது மருந்தல்ல. வாந்தி எடுத்த பத்து நிமிடம் கழித்து, ஸ்பூன் ஸ்பூனாகக் குடியுங்கள். கலக்கியதை 24 மணிக்கு மேல் வைக்காதீர்கள். மீந்துபோன ஆன்ட்டிபயாட்டிக்கை விழுங்காதீர்கள், நச்சை அது ஒன்றும் செய்யாது. வந்ததும் “ஒரு ட்ரிப்ஸ் போட்டு விடுங்க” என்பவர்களுக்கு: குடித்தது வயிற்றில் தங்கினால் ட்ரிப்ஸ் தேவையில்லை. மலத்தில் ரத்தம், 38.5 டிகிரி செல்சியஸுக்கு (சுமார் 101 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், 8 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் மஞ்சள், பேச்சில் தடுமாற்றம், எது குடித்தாலும் வெளியே வருகிறது என்றால் உடனே வாருங்கள். கர்ப்பிணி எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

லேட்டாக வருபவருக்குச் சூடான சோறு போட ஆசையா? குழம்பும் பொரியலும் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஒரு டம்ளர் அரிசியை அளந்து மட்டும் வையுங்கள். ஆபீசிலிருந்து கிளம்பும்போது அவர் போன் பண்ணட்டும். வீட்டுக்குள் நுழைவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்திருக்கும்.