அந்த முப்பது செகண்ட் கணக்கு

"மேடம், மொத்தமே 28 செகண்ட்தான் போட்டிருக்கோம்."

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு வந்த போன். படங்களில் போடும் பாட்டுக்கு அனுமதி வாங்கித் தருவது என் வேலை. 22 நிமிடக் குறும்படம். ஒரு திரைப்பட விழாவில் தேர்வாகிவிட்டது, நாலு நாளில் பிரதி அனுப்ப வேண்டும். விழாக்காரர்கள் அனுப்பிய படிவத்தில் 'படத்தில் உள்ள எல்லா இசைக்கும் உரிய அனுமதி பெற்றிருக்கிறேன்' என்று ஒரு வரி, அதன் கீழே கையெழுத்துப் போட இடம். அங்கே வந்ததும்தான் படத்தை இயக்கிய தம்பிக்குக் கை நின்றிருக்கிறது. கடைசிக் காட்சியில் பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். அலமாரி மேலே ரேடியோ. அதில் 1978-இல் வந்த ஒரு சினிமாப் பாட்டு.

இந்த மாதத்தில் இது நான்காவது. நான்கு பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு படம். சொல்வது மட்டும் ஒரே கணக்கு: முப்பது செகண்டுக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாதாம். இதை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் அவர் மேல் ஒரு வழக்குப் போடலாம் என்றிருக்கிறது எனக்கு. பாட்டு விற்கும் தளங்களில் வாங்குவதற்கு முன் 30 விநாடி மாதிரி கேட்கவிடுவார்களே, அதிலிருந்து கிளம்பியிருக்கலாம் என்று எனக்கொரு சந்தேகம். கடைக்காரர் ருசி பார்க்க ஒரு துண்டு கொடுத்தால், அந்த அளவுக்கு எந்தக் கடையிலும் எடுத்துத் தின்னலாம் என்று ஆகிவிடுமா?

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பாருங்கள். முப்பது விநாடி இல்லை, பதினைந்து இல்லை, ஏழும் இல்லை. அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடிய சந்தர்ப்பங்களை 52-ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமரிசனம், நடப்புச் செய்தி இப்படி. 'என் கதாபாத்திரத்தின் மனநிலையைக் காட்ட' என்று அதில் எதுவும் இல்லை. 'லாபத்துக்குப் பண்ணல மேடம்' என்பதும் இல்லை. 'டைட்டிலில் நன்றி போட்டுட்டோம்' என்பதும் இல்லை. நன்றி போடுவது மரியாதை. அதோடு சேர்த்து, யாருடைய பொருளை எடுத்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலமும் அதுதான்.

கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டுவார்கள். 2012-இல் வந்தது, ஒரு செய்திச் சேனலுக்கும் ஒரு படநிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு. ஒரு விழிப்புணர்வு விளம்பரத்தில் பாட்டின் சில சொற்கள் வந்ததை 'அற்ப அளவு' என்று சொல்லி நீதிமன்றம் விட்டுவிட்டது. உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பிலும் விநாடிக் கணக்கு கிடையாது. எவ்வளவு பாதிப்பு, என்ன நோக்கம் என்று ஐந்து விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. எதிரிலும் ஒரு வக்கீல் உட்கார்ந்து அந்த ஐந்துக்கும் பதில் வைத்திருப்பார்.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "28 செகண்டில் எதைப் போட்டிருக்கே? சரணத்துக்கு நடுவில் வருகிற தபேலாத் துண்டா?"

"இல்ல மேடம், பல்லவி."

பல்லவிதான். எல்லாரும் பல்லவியைத்தான் எடுக்கிறார்கள், கேட்ட மாத்திரத்தில் பார்ப்பவருக்கு நெஞ்சு நெகிழ வேண்டும் என்பதால். எந்தப் பகுதியை எடுத்தால் ஊருக்கே பாட்டு நினைவு வருமோ அதுதான் அந்தப் பாட்டின் உயிர். சட்டம் பார்ப்பதும் அந்த உயிர்ப்பகுதியை எடுத்தார்களா என்றுதான், கடிகாரத்தை அல்ல.

இந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. நானும் தியேட்டரில் விசில் அடிக்கிற கூட்டத்தில் உட்காருபவள்தான். 'கைதி'யில் லாரிக்குள் 'ஆசை அதிகம் வச்சு' வந்தபோதும், 'விக்ரம்' படத்தில் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' வந்தபோதும் சிரித்துக்கொண்டே கை தட்டியிருக்கிறேன். பின்னதை 1995-இல் 'அசுரன்' வந்தபோது எத்தனை பேர் கவனித்திருப்போம்? இருபத்தேழு வருடம் கழித்துக் கல்யாண வீடுகளில் எல்லாம் அதுதான் ஓடியது. 'லப்பர் பந்து' படத்தில் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' கெத்து என்ற கதாபாத்திரத்துக்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. பழைய பாட்டை சரியான இடத்தில் வைத்தால் பத்துப் பக்க வசனத்தை அது மிச்சப்படுத்தும். மறுக்கவே இல்லை. அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒப்பந்தம் எழுத ஒரு அலுவலகம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அலுவலகம் இருந்தாலும் எல்லாம் சுமுகமாகப் போய்விடும் என்று இல்லை. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. 1991-இல் வந்த 'குணா'வின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டை, அதே கொடைக்கானல் குகையில், உயிருக்குப் போராடும் நண்பர்களின் கதைக்குள் வைத்திருந்தார்கள். காதலுக்கு எழுதிய வரி நட்புக்கு அப்படிப் பொருந்தும் என்று யார் நினைத்தார்கள்! அந்த ஆண்டு மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களிடம் முறையாக வாங்கித்தான் போட்டோம் என்று தயாரிப்புத் தரப்பு சொன்னது. யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பணம் கட்டி எழுதி வாங்கியவர்களுக்கே நோட்டீஸ் வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். ஒரு பாட்டில் மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று என்று மூன்று சொத்து இருக்கிறது. காட்சியையும் எடுத்தால் நாலு. அந்தக் காலத்து ஒப்பந்தங்கள் ஒற்றைத் தாளில் இருக்கும். நான் ஒன்று பார்த்திருக்கிறேன், பாதியைக் கரையான் தின்றிருந்தது, மீதியிலும் தேதி இல்லை.

இது ஏதோ புதிதாக முளைத்த தகராறு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1947 பொங்கலுக்கு 'நாம் இருவர்' வந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கும்போதே 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்று டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். தமிழ்ப் படத்தில் ஒரு கவிஞரின் பாட்டு இதைவிடப் பொருத்தமாக அமைந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். அந்தப் படத்தை எடுத்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பாரதி பாடல்களை இசைப்பதிவு செய்யும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் 'தூண்டிற் புழுவினைப்போல்' வந்தது. பாரதி பாட்டுக்கு யாரிடம் கேட்பது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். செட்டியார் தரப்பிலிருந்து சட்ட நடவடிக்கை வந்தது. அந்தத் தகராறிலிருந்துதான் பாரதியை எல்லாருக்கும் பொதுவாக்கு என்ற குரல் பெரிதாகி, 1949-இல் அரசு உரிமையை எடுத்துக்கொண்டது. செட்டியார் தம்மிடம் இருந்ததைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பாரதிக்கே இந்தக் கதி என்றால் உங்கள் பாட்டி கேட்கும் ரேடியோவுக்கு என்ன கதி?

சரி, 'பழைய பாட்டு எல்லாம் ஃப்ரீதானே' என்ற அடுத்த கேள்விக்கு வருகிறேன். மெட்டுக்கும் வரிக்கும் படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு. இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தார், அவர் வரிகளுக்கான காலம் 2019-உடன் முடிந்துவிட்டது. அந்த வரிக்கு எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்திருந்தால்? அவர் மறைந்தது 2015-இல். 2075 வரை காத்திருங்கள். 'நாம் இருவர்' பாட்டை அப்படியே எடுத்துப் போட நினைத்தாலும் இதே சிக்கல்தான். பாரதி வரி பொது, ஒலிப்பதிவின் வயதும் தாண்டிவிட்டது, மெட்டமைத்த ஆர். சுதர்சனம் இறந்து இன்னும் 60 ஆண்டு ஆகவில்லை. தியாகராஜர் கீர்த்தனை வேண்டுமா, தாராளமாக எடுங்கள். ஆனால் போன வருடக் கச்சேரிப் பதிவை இறக்கி ஒட்டாதீர்கள். கீர்த்தனைதான் பொது, அன்றைக்குப் பாடியவருடைய குரல் பொது இல்லை.

'நாங்களே பாடிட்டோம் மேடம்' என்பவர்கள் இன்னொரு ரகம். '96'-இல் ஜானு 'யமுனை ஆற்றிலே' பாடுவது எல்லாருக்கும் மனதில் நின்றுவிட்டது, அதன் பிறகு இந்த ரகம் கூடிவிட்டது. நீங்களே பாடினால் ஒலிப்பதிவு உரிமையாளரிடம் போக வேண்டியதில்லை. மெட்டுக்கும் வரிக்கும் போகத்தான் வேண்டும். முணுமுணுத்தாலும் மெட்டு மெட்டுதான். கவர் பாடல்களுக்கு என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, அது தனி ஒலிப்பதிவாக வெளியிடுவதற்கு, படத்தில் ஒட்டுவதற்கு அல்ல. மேடைக் கச்சேரிக்காக, பாட்டுக்கான உரிமத் தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் கட்டிய ரசீதை நீட்டிய ஒருவரையும் பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு வாங்கிய மைக் செட் அனுமதியைக் காட்டிக் கல்யாண மண்டபத்தை எழுதிக் கேட்டது மாதிரி இருந்தது.

எடிட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் கட்டத் தொகுப்பான ரஃப் கட்டில் 'சும்மா ரெஃபரன்ஸுக்கு' ஒரு பாட்டைப் போடுகிறீர்கள். இயக்குநர் அதை நாற்பது தடவை பார்க்கிறார். அதற்கப்புறம் எந்த இசையமைப்பாளர் என்ன போட்டாலும் அவருக்குப் பிடிப்பதில்லை. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையைத் தூக்கிவிட்டு ரெஃபரன்ஸாகப் போட்டிருந்ததையே வைத்துக்கொண்டார் என்று இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும், என்னிடமும் வந்து சொல்வார்கள். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்டுடியோ நின்றது. உங்களுக்குப் பின்னால் உங்கள் அக்கா அடகு வைத்த வளையல் நிற்கிறது. டைம்லைனில் பாட்டைப் போடும்போதே 'அனுமதி இல்லை' என்று பெரிய எழுத்தில் பெயர் வையுங்கள்.

தயவுசெய்து படப்பிடிப்புக்கு முன்னால் வாருங்கள். கதையில் பாட்டை எழுதிய அன்றே வாருங்கள். அப்போது எனக்கு ஆகும் வேலை இரண்டு கடிதம், படம் முடிந்தபின் வந்தால் இருபது. கேட்கும்போது முதலில் ஒலிப்பதிவு நிறுவனத்திடம் கேளுங்கள். மெட்டும் வரியும் தங்களிடம் இருக்கிறதா என்று அவர்களையே எழுத்தில் சொல்ல வையுங்கள். விழாக்களுக்கு மட்டும் என்று கேட்டால் தொகை குறையலாம், பிறகு ஓ.டி.டி.க்குப் போனால் எவ்வளவு என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். காலத்தையும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். எதுவும் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், உங்கள் படமோ வெளிநாட்டு விழாவில் ஓடும். வாட்ஸ்அப்பில் வந்த 'ஓகே ப்ரோ' அனுமதி ஆகாது. யார் அந்த ப்ரோ, அவருக்குக் கொடுக்க அதிகாரம் உண்டா? அப்புறம் டீக்கடையில் எடுக்கும்போது ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். வசனத்துக்கு அடியில் பதிந்துவிட்ட பாட்டைப் பிரித்தெடுக்க சவுண்ட் எஞ்சினியர் படும் பாட்டை ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

தம்பியின் படத்துக்கு நாலு நாளில் அனுமதி கிடைக்கவில்லை. கடிதம் போட்டோம், பதிலே வரவில்லை. மூன்றாவது நாள் எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பாட்டி முகம் தெரிவது கடைசி நாலு விநாடிதான், மற்றதெல்லாம் கை, முறம், கீரைக் காம்பு. பாட்டியாக நடித்த அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். சின்ன வயதில் வயலில் கேட்ட நடவுப் பாட்டு ஒன்றை, தலைமுறை தலைமுறையாக வருவதை, மெதுவாக முனகினார். ரேடியோவுக்கு வெறும் இரைச்சல் வைத்தார்கள். பொருந்தியது. தம்பிக்கு முழுத் திருப்தி இல்லை, எனக்கும் அந்த பல்லவி காதில் இருந்துகொண்டேதான் இருந்தது.

பாடிய உரிமைக்கு அவரிடம் ஒரு ஒப்புதல் கடிதம் நீட்டினேன். "எங்கம்மா பாட்டுக்கு நான் கையெழுத்தா?" என்று சிரித்தார். தம்பி கொடுத்த இரண்டாயிரம் ரூபாயை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு, இனிஷியலோடு நிதானமாகப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "அந்த ரேடியோ பாட்டு நல்லாத்தானே இருந்துச்சு கண்ணு, அத ஏன் எடுத்தீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான்.